வாசற்படியில் மூன்று பொட்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் நிறுவனத்தின் கேட்டைத் தாண்டியதும் தலைக்கு மேலே ஒரு பெரிய இரும்புப் பலகை தொங்கும். 'பாதுகாப்பே எங்கள் சுவாசம்' என்று எழுதியிருக்கும். அதைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று போன வருடம் கழன்று விழுந்துவிட்டது. பாதுகாப்புத் துறை உடனே கூடி விவாதித்து, இரண்டே வாரத்தில் நடவடிக்கை எடுத்தது. இப்போது அந்தப் பலகைக்குக் கீழே இன்னொரு சிறிய பலகை இருக்கிறது. 'மேலே உள்ள பலகையின் அடியில் நிற்க வேண்டாம்.'

என் பெயர் பாஸ்கரன். அந்தப் பாதுகாப்புத் துறையின் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுவது என் வேலை. நான்கு வருடங்களில் நூற்றுப் பன்னிரண்டு கூட்டங்களுக்கு எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றில்கூட 'வேண்டாம்' என்ற சொல் இல்லை. அந்தச் சிறிய பலகைக்கு மட்டும்தான் அதை அனுமதித்தார்கள்.

எங்கள் நிறுவனத்தின் பெயர் வான்தேர். மனிதர்களை ஆகாயத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் விண்கலம் செய்கிறோம். மூன்று பேர் உட்காரலாம். காகிதத்தில் அதற்கு நீளமான சமஸ்கிருதப் பெயர் இருக்கிறது. பட்டறையில் எல்லோரும் அதைக் குண்டான் என்றுதான் சொல்வார்கள், பார்க்க அப்படித்தான் இருக்கும். மேலே போய்த் திரும்பும் குண்டான் கடலில் விழ வேண்டும். மீட்புப் படகு வந்து சேர ஆறு மணி நேரம் ஆகலாம் என்று கணக்கு. அதுவரை உள்ளே இருப்பவர்களோடு அது மிதக்க வேண்டும். கடலுக்குப் போகுமுன் அயனம்பாக்கம் ஏரியில் ஓர் ஆளை உள்ளே வைத்து ஆறு மணி நேரம் மிதக்கவிட்டுப் பார்ப்பதென்று முடிவாகியிருந்தது.

உள்ளே உட்காரப் போகிறவள் கிருஷ்ணப்பிரியா. இருபத்தாறு வயது இன்ஜினியர். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அவளுடைய அப்பா கலியமூர்த்தி அங்கே முப்பது வருடம் மெஷினில் நின்றவர். மகள் ஆரஞ்சு உடையில் நிற்கும் படத்தை குவார்ட்டர்ஸில் வீடு வீடாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

தொல்லை ஆயுத பூஜையன்று ஆரம்பித்தது. பூஜையைக் குறை சொல்லவில்லை. தொழிற்பேட்டையில் லேத்துக்குப் பொட்டு வைக்காமல் யாரும் சுவிட்சைத் தொடமாட்டார்கள். ஆனால் வேலை தெரிந்தவர்களுக்குப் பொட்டை எங்கே வைப்பதென்றும் தெரியும். மெஷினின் உடம்பில் வைப்பார்கள், வெட்டும் முனையில் வைக்கமாட்டார்கள். எங்கள் கசிவுச் சோதனைப் பிரிவில் இருக்கும் வடிவு தன் பிரஷர் கேஜுக்குப் பொட்டு வைக்கும்போது கண்ணாடியைத் தவிர்த்து ஓரமாக வைப்பாள்.

எங்கள் சேர்மன் தினகரனுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை, அவர் சேர்மன். பட்டு வேட்டியில் வந்தார், கற்பூரம் காட்டினார், குண்டானின் திறந்த கதவைப் பார்த்தார். "வாசல் என்று இருந்தால் வாசற்படி என்று ஒன்று இருக்கிறது அல்லவா? வாசற்படிக்குப் பொட்டு வைக்காத வீடு உண்டா?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கதவுச் சட்டத்தின் அடிப்பகுதியில், ரப்பர் வளையம் வந்து அழுந்தி உட்கார வேண்டிய பளபளப்பான உலோகத்தின் மேலேயே, மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி மூன்று இடத்தில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். போட்டோ எடுத்தார்கள்.

விடுமுறை முடிந்து வடிவு சோதனைக்கு வந்தாள். வடிவு அயனம்பாக்கத்துக்காரி. ஏரிக்கரையில் அவர்கள் குடும்பம் நெல் விதைத்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. பதினேழு வருடம் பேட்டையில் கேஸ் அடுப்பு வால்வுக்கு சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவள். அடுப்புக்கும் விண்கலத்துக்கும் சோதனை ஒன்றுதான். கதவை மூடி உள்ளே காற்றடிக்க வேண்டும். மூட்டில் சோப்புத் தண்ணீரைத் தடவ வேண்டும். நுரை கிளம்பினால் அங்கே ஓட்டை.

"பாய், இங்க வா. இன்னாமா நுர தள்ளுது பாரு" என்று பட்டறை சூப்பர்வைசர் யூசுப்பைக் கூப்பிட்டாள்.

"எங்கக்கா?"

"வாசப்படில தான். மூணு எடத்துல. சந்தனம் காஞ்சி கல்லு மாரி கீது. ரப்பர் எப்புடி ஒக்காரும்? கொஞ்சம் ஈரத்துணி குடு. தொடச்சிட்டு இன்னொரு தபா பாத்துடலாம், பத்து நிமிச வேல."

யூசுப் சுற்றிலும் பார்த்தார். "அக்கா, அது சேர்மன் வெச்ச பொட்டு. நீ பாட்டுக்குக் கைய வெச்சிடாத. மேல ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

"சாமி கும்புடத் தெரிஞ்சவன் கண்ணுக்குள்ள குங்குமத்த அப்புவானா பாய்? சரி, போய் சொல்லு. சீக்கிரம் வா, சோப்பு காயுது."

யூசுப் போய்ச் சொன்னார். அந்த வார்த்தை ஐந்து வாரம் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பாதுகாப்புத் துறைத் தலைவர் ஸ்ரீகாந்த் அவசரக் கூட்டம் கூட்டினார். வடிவு சோப்பு டப்பாவோடு வந்து ஓரமாக நின்றாள். அவளுக்கு நாற்காலி ஒதுக்குவதா என்பதிலேயே பத்து நிமிடம் போனது. ஸ்ரீகாந்த் சுவரில் பூஜைப் போட்டோவைக் காட்டினார்.

"ஆயுத பூஜை அன்னிக்குத்தான் நம்ம கலத்தோட வடிவமைப்பை ஃப்ரீஸ் பண்ணோம். அன்னிக்கு எப்படி இருந்ததோ, அதுதான் சட்டப்படி அது. அன்னிக்கு அதுல பொட்டு இருந்தது. அதனால பொட்டும் கலத்தோட ஒரு பாகம்."

"சார், தொடச்சா போயிடும் சார்" என்றாள் வடிவு.

"வடிவும்மா, நீங்க துடைக்கப் போறது சந்தனத்தை இல்ல. ஒரு டாக்குமென்ட்டை. பொட்டை எடுக்கணும்னா பதினாலு பேர் கையெழுத்துப் போடணும். இதுவரைக்கும் செஞ்ச எல்லா டெஸ்ட்டையும் முதல்லேர்ந்து செய்யணும், மூணு மாசம் ஆகும். பொட்டை அப்படியே விடறதுக்கு ஒரே ஒரு கையெழுத்து போதும், என்னோடது. எது பாதுகாப்பான வழி, நீங்களே சொல்லுங்க."

வடிவு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து எழுதினேன். 'பாதுகாப்பான வழி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.'

அடுத்த கூட்டம் நுரையைப் பற்றி. பழைய விதி, 'நுரை வரக்கூடாது' என்று இருந்தது. இந்த விதி எதிர்மறையாக இருக்கிறது, ஊழியர்களின் மனத்தைச் சோர்வடையச் செய்கிறது என்றார் ஸ்ரீகாந்த். 'நுரைக் குமிழி எலுமிச்சம்பழ அளவைத் தாண்டக்கூடாது' என்று மாற்றினார்கள். குமிழியை அளக்க வடிவின் கையில் ஓர் இரும்பு ஸ்கேலைக் கொடுத்தார்கள். ஸ்கேல் பட்டதும் குமிழி உடைந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி உடைந்தது. அரை நாள் முழுக்க நாலு இன்ஜினியர்கள் சூழ நின்று இதைப் பார்த்தார்கள். 'குமிழியின் அளவு: பதிவாகவில்லை. எனவே கசிவு: பதிவாகவில்லை' என்று நான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

மூன்றாம் வாரம் பொட்டுக்குப் பாக எண் வந்தது. இனிமேல் செய்யப்போகும் எல்லாக் கலங்களின் வரைபடத்திலும் அது ஏறியது. சந்தனம் இருபது மில்லிமீட்டர் விட்டம், குங்குமம் எட்டு மில்லிமீட்டர் விட்டம், எண்ணிக்கை மூன்று. சந்தனம் எந்தக் கடையில் வாங்கியது என்று தணிக்கையில் ஒருவர் கேட்டார். பூஜைச் சாமான் வாங்கிய பையனைத் தேடிப் பிடித்து, அம்பத்தூர் மார்க்கெட் கடைக்காரரிடம் தரச் சான்றிதழ் வாங்கினார்கள். கடைக்காரர் பயந்துபோய் அசல் சந்தனம் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார். அதையும் கோப்பில் சேர்த்தார்கள். ரப்பர் வளையத்துக்கு வாங்கிய சான்றிதழ் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உள்ள ஒக்காரப் போற பொண்ணுக்கு இது தெரியுமா?" என்று வடிவு கேட்டாள்.

ஸ்ரீகாந்த் கனிவாகச் சிரித்தார். "உள்ள உட்காரவங்களுக்குப் பதற்றம் வரக்கூடாது. பதற்றமும் ஒரு ஆபத்துதான். ஓட்டையைச் சொன்னா ரெண்டு ஆபத்து, சொல்லாம விட்டா ஒண்ணுதான். பாதியாக் குறைக்கிறோம் பாருங்க."

நான் 'ஆபத்து ஐம்பது சதவீதம் குறைக்கப்பட்டது' என்று எழுதினேன்.

கிருஷ்ணப்பிரியா மதியச் சாப்பாட்டை வடிவோடுதான் சாப்பிடுவாள். வடிவு கருவாட்டுக் குழம்பு கொண்டுவரும் நாளில் அவள் தன் டப்பாவைத் திறக்கவே மாட்டாள். வடிவு நாலு நாள் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்ததை நான் பார்த்தேன். பாதுகாப்பு ரகசியம் காப்போம் என்று எல்லோரிடமும் எழுதி வாங்கியிருந்தார்கள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். வடிவு வாயைத் திறக்கவில்லை.

சோதனை நாள் காலை ஏழு மணிக்கு குண்டான் லாரியில் ஏரிக்கரை வந்து சேர்ந்தது. டிரோன் ஒன்று மேலே கிளம்ப, அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிவு இடுப்பிலிருந்து ஒரு ஈரத்துணியை எடுத்தாள். வாசற்படியில் குனிந்து, நகத்தால் சுரண்டி, துடைத்து, ஸ்பிரிட் தொட்டு இன்னொரு முறை துடைத்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மூன்றே நிமிடம். நான் பார்த்தேன், அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். அன்று ஒரு நாள் நான் எதையும் எழுதவில்லை.

ஆறு மணி நேரம் மிதந்தது. கிருஷ்ணப்பிரியா வெளியே வந்தபோது காலுறைகூட நனையவில்லை. கலியமூர்த்தி கரையில் நின்று அழுதார். சேர்மன் மைக்கைப் பிடித்து, இது நம் பாரம்பரியத்தின் வெற்றி, மூன்று பொட்டின் வெற்றி என்று நாற்பது நிமிடம் பேசினார்.

மறுநாள் பூஜைப் போட்டோவையும் சோதனைப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பொட்டைக் காணவில்லை. என் நான்கு வருட வேலையில் அந்தத் துறை அவ்வளவு வேகமாக இயங்கி நான் பார்த்ததில்லை. ஒரு மணி நேரத்தில் விசாரணைக் குழு, மதியத்துக்குள் குற்றப்பத்திரிகை. 'அங்கீகாரமின்றிக் கலத்தின் பாகங்கள் மூன்றை அகற்றியது.'

"ஆமா சார், நான் தான் தொடச்சேன்" என்றாள் வடிவு. "தொடச்சேன், தண்ணி வரல. பொண்ணு ஊட்டுக்குப் போய் சோறு தின்னுச்சி. இதுல இன்னா சார் தப்பு?"

"அதுதான் தப்பு. நாங்க அப்ரூவ் பண்ணினது பொட்டு வெச்ச கலம். ஏரியில மிதந்தது பொட்டு இல்லாத கலம். அது வேற கலம். அதனால அது மிதந்தது செல்லாது" என்றார் ஸ்ரீகாந்த்.

சாட்சியாக வந்திருந்த கிருஷ்ணப்பிரியா அப்போதுதான் முதல் தடவையாக இதைக் கேட்கிறாள். அவள் எழுந்து நின்றாள்.

"அக்கா துடைக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் சார்?"

"அது ஆய்வு செய்யப்படாத கேள்விம்மா."

"நான் உள்ள இருந்தேன் சார். கதவை வெளியிலேர்ந்து போல்ட் போட்டிருந்தீங்க."

"ரொம்ப நல்ல பாயின்ட். அதை அடுத்த காலாண்டுல எடுத்துக்கலாம். மறு சோதனை வர்ற வெள்ளிக்கிழமை. பொட்டோட."

"நான் உக்கார மாட்டேன்."

நான் எழுதுவதை நிறுத்தினேன். அந்த அறையில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை, எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஸ்ரீகாந்த்தே உதவினார். "எழுதுங்க பாஸ்கரன். பயணி வேறு இருக்கையை விரும்புகிறார்."

வடிவின் அடையாள அட்டையை கேட்டில் வாங்கிக்கொண்டார்கள். சோப்பு டப்பாவையும் வாங்கிக்கொண்டார்கள், அது நிறுவனச் சொத்து.

வெள்ளிக்கிழமைக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. நேரலைக்கு ஏற்பாடாகிவிட்டது. அழைப்பிதழில் கிருஷ்ணப்பிரியா பெயர் இருந்ததால் சோதனையில் கிருஷ்ணப்பிரியா இருந்தாக வேண்டும். ஸ்ரீகாந்த் வெள்ளைப் பலகையில் அவள் எடையை எழுதி வட்டம் போட்டார். ஐம்பத்தாறு கிலோ.

"இன்ஜினியரிங் கண்ணோட்டத்துல பாருங்க. கலத்துக்கு உள்ள யார் இருக்காங்கன்னு தெரியாது. எடை மட்டும்தான் தெரியும். மனுஷன்னா நமக்கு ஐம்பத்தாறு கிலோ, அவ்வளவுதான். இத்தனை வருஷமா நாம அப்படித்தான் டிசைன் பண்ணிட்டு வந்திருக்கோம்."

நான் எழுதிய அத்தனை குறிப்புகளிலும் அவர் சொன்ன முழு உண்மை இது ஒன்றுதான். யாரும் அதிரவில்லை. கைதட்டினார்கள். ஐம்பத்தாறு கிலோ மணலை மூட்டை கட்டி, ஆரஞ்சு உடை போட்டு, நெஞ்சில் பெயர்ப்பட்டை ஒட்டினார்கள். கிருஷ்ணப்பிரியா விடுப்பு எடுக்கக்கூடாது, கேமரா கண்ணில் படவும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சேர்மன் திரும்ப வந்து பொட்டு வைத்தார். இந்த முறை எந்த ஈரத்துணியும் தொடாதபடி அதன்மேல் கண்ணாடி மாதிரி எபாக்சிப் பசை பூசிக் காயவைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் ஷாமியானா, நாற்காலி, தயிர்சாதப் பொட்டலம். கலத்தை இறக்கினார்கள். கரையின் அந்தக் கோடியில், கூட்டத்துக்குப் பின்னால், வடிவும் கிருஷ்ணப்பிரியாவும் நின்றிருந்தார்கள். வடிவு வேலை போனவள், தன் ஊர் ஏரிக்கரையில் அவள் நிற்பதை யாரும் தடுக்க முடியாது. எனக்கும் ஷாமியானாவில் இருக்கப் பிடிக்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றேன்.

"வந்துட்டியா? இன்னிக்கு இன்னா எழுதப் போற?" என்றாள் வடிவு. நான் நோட்டைப் புரட்டித் தேதியை மட்டும் எழுதினேன்.

ஒலிபெருக்கியில், "கிருஷ்ணப்பிரியா, நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். மணல் மூட்டை பதில் சொல்லவில்லை. "பயணி அமைதியாக இருக்கிறார்" என்று அறிவித்தார்கள். அரை மணிக்கு ஒரு தடவை கேட்டார்கள், அரை மணிக்கு ஒரு தடவை அமைதியாக இருந்தாள்.

இரண்டாவது மணி நேரத்தில் குண்டான் கதவுப் பக்கமாகச் சாய்ந்தது. "இன்னாய்யா இது, ஒரு பக்கமா சாயுது" என்று படகுக்காரர் கத்தினார். "திட்டமிட்ட சாய்வு" என்றது ஒலிபெருக்கி. சேர்மன் பேச்சை நிறுத்தவில்லை. மூன்றாவது மணியில் கதவு முழுக்கத் தண்ணீருக்குள் போனது. பெரிய பெரிய குமிழிகள் மேலே வந்து உடைந்தன. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியவை. அளக்க ஆளில்லை. பிறகு சத்தமில்லாமல் இறங்கி ஏரியின் அடியில் உட்கார்ந்தது. உச்சியில் குத்தியிருந்த கம்பெனிக் கொடி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

கிருஷ்ணப்பிரியாவின் போன் அடித்தது. ஆவடியிலிருந்து அவள் அப்பா, மணல் மூட்டை ரகசியம் அவருக்குத் தெரியாது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற எங்களுக்கே அவர் அலறல் கேட்டது.

"அப்பா. அப்பா, நான்தான் பேசறேன். நான் உள்ள இல்லப்பா. கரைல நிக்கறேன்." அவர் நம்பவில்லை. "வடிவக்கா கூட நிக்கறேன்ப்பா. சத்தியமா நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் போனை வடிவு வாங்கினாள்.

"அண்ணே, ஒன் பொண்ணு கையத்தான் புடிச்சிகினு கீறேன். அழாத. அவ கீறா."

அவர்கள் இருவரையும் பார்த்தபோது எங்கள் துறையின் மேல் எனக்கு வந்த கோபத்தை எந்தக் கூட்டக் குறிப்பிலும் எழுத முடியாது. நான் நோட்டை மூடினேன்.

நாலு மணிக்கு கிரேன் குண்டானைத் தூக்கியது. போல்ட்டுகளைக் கழற்றிக் கதவைத் திறந்ததும் தண்ணீர் மதகு உடைந்த மாதிரி கொட்டியது. அதோடு ஆரஞ்சு மூட்டையும் வழுக்கி வந்து, பெயர்ப்பட்டை மேலே தெரிய, சேற்றில் குப்புற விழாமல் மல்லாந்து கிடந்தது. வாசற்படியில் மூன்று பொட்டும் வெயிலில் பளபளவென்று மின்னின.

ஸ்ரீகாந்த் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தார். "பிரியா, நல்லவேளை இங்க இருக்கீங்க. பயணி அனுபவப் படிவம். நீங்க எழுதித் தந்தாத்தான் இன்னிக்கே டெஸ்ட்டை க்ளோஸ் பண்ண முடியும். ரெண்டு வரி போதும்."

கிருஷ்ணப்பிரியா என் பேனாவை வாங்கினாள். வடிவின் தோளில் காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்தாள். நானும் எட்டிப் படித்தேன்.

'மூன்றாவது மணி நேரத்தில் நான் மூழ்கிச் செத்துப்போனேன். பொட்டு அழியவில்லை.'

முதல் வரியைப் படிக்கும்போது ஸ்ரீகாந்தின் நெற்றி சுருங்கியது. இரண்டாவது வரிக்கு வந்ததும் முகம் தெளிந்தது.

"பொட்டு அப்படியே இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டு, 'திருப்தி' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.